வாசகர் கேள்வி–பதில்: புள்ளிகள், பேட்ஜ்கள், தொண்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. கல்லூரி மாணவர்களைப் படிப்பில் மனதோடு ஈடுபட வைப்பது எப்படி, அதற்குப் புள்ளி, பேட்ஜ் என்று பாடத்தை விளையாட்டுபோல நடத்தும் முறையும் சமூகத் தொண்டும் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புள்ளியியல் கற்பித்தவள். மாணவர் தொண்டுக் குழு ஒன்றையும் பல ஆண்டுகள் கூடவே இருந்து நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், நான் நம்பும் சில ஆய்வுகளையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதலாண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கிறேன். இந்த செமஸ்டரில் வாராவாரம் வினாடி வினா, புள்ளிகள், பேட்ஜ், எல்லோர் பெயரும் திரையில் தெரியும் தரவரிசைப் பட்டியல் என்று தொடங்கினேன். முதல் மூன்று வாரம் வகுப்பு களைகட்டியது. இப்போது முதல் ஐந்து இடங்களில் இருப்பவர்கள் மட்டும்தான் ஆர்வமாக இருக்கிறார்கள். மற்றவர்கள் முன்பைவிட அமைதியாகிவிட்டார்கள். நிறுத்திவிடலாமா?
– கணினித் துறை விரிவுரையாளர்

பதில்: நிறுத்த வேண்டாம். பட்டியலை மட்டும் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்றது இருக்கட்டும்.

புள்ளிகள் வாராவாரம் கூடிக்கொண்டே போகும் பட்டியலில் முன்னால் போனவரை எட்டிப் பிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். நாற்பதாவது இடத்தில் தன் பெயரைப் பார்க்கும் மாணவிக்கு இது மூன்றாவது வாரமே தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவள் ஒதுங்கினால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஒதுங்குகிறாள். புரியாததை எழுந்து கேட்கவும் இனி தயங்குவாள். அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது வகுப்புக்கே தெரியுமே!

அமெரிக்காவில் மைக்கேல் ஹேனஸ், ஜெஸ்ஸி ஃபாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதே நிலைமையை 16 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே பாடம், இரண்டு வகுப்புகள். ஒன்றில் பேட்ஜும் தரவரிசையும் உண்டு, இன்னொன்றில் இல்லை. 2015இல் வெளியான அவர்கள் முடிவின்படி, பேட்ஜ் கொடுத்த வகுப்பில்தான் நாளாக ஆக ஆர்வமும் திருப்தியும் குறைந்தன. இறுதித் தேர்விலும் அவர்கள் பின்தங்கினார்கள். அதற்காக விளையாட்டு முறையே வீண் என்று முடிவுகட்டவும் முடியாது. 2020இல் மைக்கேல் சைலரும் லிசா ஹோம்னரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கற்றலிலும் ஆர்வத்திலும் பெரிதாக இல்லாவிட்டாலும் நல்ல பலனே தெரிந்தது. எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதை என் வகுப்பில் அளவுகோலாக வைத்திருந்தேன். ஒருவருக்கு உள்ளிருந்து ஆர்வம் பிறக்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: இதை நானாக எடுத்துச் செய்கிறேன் என்ற எண்ணம், என்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். ஒரு பரிசு ‘நீ தேறிவருகிறாய்’ என்ற தகவலைச் சொன்னால் ஆர்வம் வளரும். ‘சொன்னதைச் செய்தாய், இந்தா’ என்று கூலியாக வந்தால் தேயும். உங்கள் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். வகுப்புக்கு வந்ததற்குப் புள்ளி என்றால் அது கூலி. ‘போன வாரம் உன் நிரல் ஆறு சோதனைகளில் மூன்றில் தவறியது, இந்த வாரம் ஒன்றில்தான்’ என்றால் அது தகவல். அந்தத் தகவலை அந்த மாணவருக்கு மட்டும் காட்டுங்கள்.

நிரலாக்கம் இதற்கு ரொம்ப வாகான பாடம். எழுதிய நிரல் ஓடுகிறதா, எங்கே தடுமாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திச் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சரிவந்ததே கணக்கு என்று விதி வையுங்கள். விளையாட்டுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய மிகப் பெரிய விஷயமே இதுதான் என்பேன். அங்கே தோற்றவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, திரும்பவும் ஆடலாம். கல்லூரியில் நாம் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்துவிட்டு, தவறு செய்ய ஏன் பயப்படுகிறார்கள் என்று கேட்கிறோம்.

லீ ஷெல்டன் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது எல்லோரையும் பூஜ்யத்தில் தொடங்கவைத்தார். செய்கிற ஒவ்வொரு வேலையும் மேலே ஏற்றும். வழக்கமாக நாம் நூறு மதிப்பெண் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு தவறுக்குத் தவறு கழிக்கிறோம். கூட்டலாக மாற்றினாலே மாணவர் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

வார வினாடி வினாவை மட்டும் கைவிடாதீர்கள். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஆகவே வினாடி வினா இருக்கட்டும், மதிப்பெண் பாரம் மட்டும் குறையட்டும்.

என் வகுப்பில் நான் நடத்திய ஒரு விளையாட்டையும் சொல்கிறேன். நால்வர் கொண்ட குழுக்களுக்கு ஒரு தரவு அட்டவணை கொடுப்பேன். அதில் வேண்டுமென்றே தவறுகளை ஒளித்து வைத்திருப்பேன்: 212 வயதுள்ள நோயாளி, பிறப்பதற்கு முன்பே மருத்துவமனையில் சேர்ந்தவர், கிலோவும் பவுண்டும் கலந்துபோன எடைகள். முதலில் தவறுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதே அட்டவணையில் அவர்களே புதுத் தவறுகளை ஒளித்து அடுத்த குழுவுக்குக் கொடுக்க வேண்டும். புள்ளி கிடையாது, பரிசு கிடையாது. மணி அடித்த பிறகும் எழுந்து போகமாட்டார்கள். எளிதில் கண்டுபிடிக்க முடியாத தவறை ஒளித்துவைக்க, தரவை அவ்வளவு ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு வாரம் புள்ளியே இல்லாமல் அதே பயிற்சியை வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதிலிருந்து, அடுத்த செமஸ்டரில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ‘விளையாட்டெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. பட்டப்படிப்பில் விரிவுரைதான் சரி’ என்கிறார் எங்கள் மூத்த பேராசிரியர். அவருக்கு என்ன சொல்வது?
– ஆய்வு மாணவி

பதில்: விளையாட்டு என்ற சொல்லையே எடுக்காதீர்கள் அம்மா. 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களே ஏதாவது செய்து கற்ற வகுப்புகளில் அது 21.8 சதவீதம். இந்த எண்களை அவர் முன் வையுங்கள். அவருடைய விரிவுரையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் பத்து நிமிடம், மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கணக்கைப் போட இடம் கேளுங்கள். விமானிகள் சிமுலேட்டரில் பயிற்சி எடுப்பதை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்வதில்லை.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஃபோனில் பதில் அழுத்தும் வினாடி வினாதான் எப்போதும். எனக்கு விடை தெரியும், ஆனால் நேரம் ஓடுவதைப் பார்த்ததும் கை நடுங்கிவிடும். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: கஹூட் போன்ற செயலிகளில் சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி. அங்கே அளக்கப்படுவது வேகமும் சேர்ந்துதான். உனக்குத் தெரிந்ததன் அளவை அது முழுதாகக் காட்டாது. அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. ஆசிரியரிடம் தனியாகப் போய், வேகத்துக்கான புள்ளியை நிறுத்த முடியுமா, குழுவாகப் பதில் சொல்ல விடலாமா என்று கேள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு சிரமம் இருப்பதே தெரியாது. கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடு. உனக்காக மட்டும் இல்லை, அதே வகுப்பில் வாய் திறக்காத வேறு சிலருக்காகவும் கேட்கிறாய்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் 40 மணி நேரம் தொண்டு செய்தால்தான் சான்றிதழ். நண்பர்கள் போகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய ஆசை. ஆனால் இதைப் பார்க்கும்போது வெறுத்துப்போகிறது.
– மூன்றாம் ஆண்டு மாணவன்

பதில்: தம்பி, உன் வெறுப்பில் நியாயம் இருக்கிறது. கட்டாயத் தொண்டு பற்றி ஸ்டூக்காஸ், ஸ்னைடர், க்ளேரி என்ற மூவர் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெளியிலிருந்து திணிக்கப்பட்டதாக உணர்ந்த மாணவர்களுக்கு, பின்னாளில் தானாக முன்வந்து தொண்டு செய்யும் எண்ணம் குறைந்துபோனது. எதைச் செய்வது என்பதில் கொஞ்சம் தேர்வு இருக்கிறது என்று உணர்ந்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. உன் நண்பர்களைக் கோபித்துக்கொள்ளாதே. அவர்களுக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை.

நீ ஆசைப்படுகிறாய், அதனால் நீ தேர்ந்தெடு. நீ படிக்கும் பாடம் யாருக்குப் பயன்படும் என்று தேடு. வணிகவியல் என்றால் ஒரு சின்ன அமைப்பின் வரவு செலவுக் கணக்கை ஒழுங்கு செய்யலாம். மின்னியல் என்றால் நின்றுபோன கருவிகளைப் பழுது பார்க்கலாம்.

எங்கள் குழுவில் பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வோம். புள்ளியியல் நூலை வாசிக்க வந்த ஒரு மாணவி ‘படத்தைப் பார்க்கவும்’ என்ற வரியில் நின்றுவிட்டாள். கேட்பவர் எப்படிப் பார்ப்பார்? அந்த மணி வடிவ வளைவை அவள் சொற்களால் வரைய வேண்டியிருந்தது. நடுவில் உயரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிவு, உச்சியில் மெதுவாகத் தொடங்கி, பிறகு குத்தாக இறங்கி, கடைசியில் சாய்ந்துகொண்டே போகிறது என்று சொல்லிப் பதிவு செய்தாள். கேட்ட மாணவர் திருப்பி ஒரு கேள்வி அனுப்பினார்: ‘வளைவு கடைசியில் கீழ் அச்சைத் தொடுமா, தொடாதா?’

அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் ஓடி வந்தாள். தொடவே தொடாது, நெருங்கிக்கொண்டே போகும், அதனால்தான் எவ்வளவு அரிய அளவுக்கும் ஒரு சின்ன வாய்ப்பு எப்போதும் மிச்சம் இருக்கிறது என்று பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினோம். அதே வளைவை வகுப்பில் கரும்பலகையில் நான் பலமுறை வரைந்திருக்கிறேன். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பார்ப்பவர்களுக்குக் கேட்கத் தோன்றாத ஒன்றை, பார்க்காத ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவளை அந்தப் பாடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. தொண்டும் படிப்பும் சேரும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2011இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சீலியோ, டர்லாக், டிம்னிக்கி ஆகியோரும், பாடத்தோடு தொடர்பு, செய்ததைப் பற்றி யோசிக்க நேரம், மாணவரின் குரலுக்கு இடம், அந்தச் சமூகத்தின் பங்கு ஆகியவை உள்ள திட்டங்களில் பலன் கூடுதல் என்று கண்டார்கள். எனவே, ஒவ்வொரு முறை போய் வந்ததும் நோட்டில் நாலு வரி எழுது. இன்று யார் என்ன கேட்டார், எதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்று எழுது. சான்றிதழுக்கான கையெழுத்தையும் வாங்கிக்கொள், அதில் தப்பில்லை.

கேள்வி: என் மகள் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறாள். இந்த செமஸ்டரில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தடுத்துவிடலாமா?
– ஒரு தாய்

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. முதலில் எந்தப் பாடத்தில் குறைந்தது, ஏன் குறைந்தது என்று அவளிடமே கேளுங்கள். காரணம் சனிக்கிழமையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. தேர்வு நெருங்கும் வாரங்களில் வரமாட்டேன் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, தன் இடத்துக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அந்த ஏற்பாட்டைச் செய்யக் கற்றுக்கொள்வதும் அவளுக்கு நல்லதுதான்.

கேள்வி: மாணவர் தொண்டுக்கு ஒரு செயலி உருவாக்குகிறோம். மணிக்கு இத்தனை புள்ளி, அதிகம் எடுத்தவர்களுக்குப் பரிசு, துறைகளுக்கிடையே போட்டி. வடிவமைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?
– துறைத் தலைவர்

பதில்: நீங்கள் எதை எண்ணுகிறீர்களோ அதுதான் பெருகும். மணியை எண்ணினால் மணி பெருகும், படத்தை எண்ணினால் படம் பெருகும். ஒரு கிழவரோடு உட்கார்ந்து அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டதை எந்தச் செயலி எண்ணும்?

பரிசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீஸியும் ருஸ்டிச்சினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மாணவர்களை நற்காரியத்துக்கு நன்கொடை திரட்ட அனுப்பினார்கள். திரட்டுவதில் ஒரு சிறு பங்கு உங்களுக்கு என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்து போனவர்களைவிடக் குறைவாகவே திரட்டினார்கள். பங்கைக் கூட்டிய பிறகும் கூலி இல்லாதவர்களை அவர்கள் மிஞ்சவில்லை. மனதார வந்த பிள்ளையின் கையில் நீங்கள் ஒரு விலைச்சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, விளையாட்டும் தொண்டும் ஒத்துப்போகவே போகாதா? அருமையாக ஒத்துப்போன இடங்கள் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான ஃபோல்டிட் என்ற கணினி விளையாட்டில் ஆடுபவர்கள் புரதங்களின் வடிவத்தைத் திரையில் மடித்துப் பார்க்கிறார்கள். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸ் ஒன்றின் நொதியமைப்பை விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கும் மேலாகக் கண்டறிய முடியாமல் தவித்தார்கள். அதை ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் தீர்க்க உதவினார்கள். 2011இல் அது ஆய்விதழில் வந்தது. அங்கே புள்ளி என்பது அந்த மடிப்பு எவ்வளவு நிலையானது என்பதன் அளவு. புள்ளி ஏறினால் வேலையும் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது என்று பொருள்.

இன்னோர் உதாரணம், யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடம். 2010இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக வரைபடம் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. இன்று அந்த வேலை சதுரம் சதுரமாகப் பிரித்துத் தரப்படுகிறது. ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து வீடுகளையும் பாதைகளையும் வரைவார். அனுபவம் உள்ள இன்னொருவர் சரிபார்ப்பார். அப்புறம்தான் அந்தச் சதுரம் முடிந்ததாக நிறம் மாறும். 2015இல் தொடங்கிய யூத்மேப்பர்ஸ் என்ற மாணவர் அமைப்பு வழியாகப் பல நாட்டுக் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். திரையில் முதலில் கண்ணில் படுவது, வரைபடத்தில் இன்னும் வரைய மிச்சமிருக்கும் பகுதிதான்.

உங்கள் செயலியிலும் அப்படியே செய்யலாம். யார் முதலிடம் என்பதற்குப் பதிலாக, ‘இந்த நூலில் இன்னும் 90 பக்கம் வாசிக்கப்படவில்லை’ என்று காட்டுங்கள். லெவல் வைப்பதென்றால் அது பொறுப்புக்குக் கதவு திறக்கட்டும்: புதிதாக வந்தவர் வாசிப்பார், பழகியவர் பிறர் பதிவைக் கேட்டுத் திருத்துவார், அதற்கும் மேலானவர் புதியவர்களுக்குப் பயிற்சி தருவார். என்னிடம் ஒலிப்பதிவைச் சரிபார்க்கும் பொறுப்பு கிடைத்த மாணவர்களுக்கு அதுவே பெரிய கௌரவமாக இருந்தது. இன்னொன்று, வேலை முடிந்தது என்று உறுதி செய்யும் பொத்தான் உதவி பெறுகிறவர் கையில் இருக்கட்டும். துறைகளுக்கிடையே போட்டியைக் கைவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பிள்ளைகளுக்கான மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நடத்துகிறோம். செமஸ்டர் முடியும் நேரத்தில் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வருகிறார்கள். நான்கைந்து வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் ‘அந்த அக்கா எங்கே’ என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் சங்கடம்.
– ஒருங்கிணைப்பாளர்

பதில்: இந்தத் தலைப்பில் எல்லோரும் மாணவரைப் பற்றியே எழுதியிருக்க, உங்கள் கடிதம் ஒன்றுதான் பிள்ளைகளின் பக்கமிருந்து வந்தது. அதற்காகவே நன்றி.

சங்கடப்படாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். வழிகாட்டிகளோடு பழகிய வளரிளம் பருவத்தினரைப் பற்றி கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் துணை நிற்கும். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்தது. வந்து போவது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்று கல்லூரிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படி இல்லை என்பதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் மட்டுமே சேர்ப்போம், முழு ஆண்டும் வர வேண்டும், ஒருவருக்கு அதே இரண்டு பிள்ளைகள், ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். குறுகிய காலமே வர முடிந்தவர்களுக்குப் பிள்ளைகளோடு பழகாத வேலைகளைக் கொடுங்கள்: புத்தகங்களுக்கு அட்டை போடுவது, பட்டியல் எழுதுவது, கணக்குப் பயிற்சித் தாள்கள் தயாரிப்பது. ஒருவர் விடைபெறும்போது, அடுத்து வருபவரைத் தானே அழைத்து வந்து அறிமுகம் செய்துவிட்டு, பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.